வியாகுலம் நேந்துவிட்ட சேவல்

காலை ஆட்டாதட்டி. ஆட்டிக்கிட்டே இருந்தா கதை எங்க ஏறும்? போர்வைய இழுத்து மூடிக்கோ. மொகத்தை இந்தப் பக்கம் திருப்பு. நடுநடுவுல "ம்" சொல்லணும், தெரிஞ்சுதா? செவுத்தைப் பாத்துக் கதை சொல்ல எனக்கு வராது.

ம்.

ஒரு ஊர்ல ஒரு பிடிவாதக்காரி இருந்தா. பேரு வியாகுலம். வியாகுல மாதா திருநாளன்னைக்குப் பொறந்தவ, அதனால அந்தப் பேரு. ஆளு ஒட்டடைக் கம்பு மாதிரி ஒல்லியா இருப்பா. ஆனா "மாட்டேன்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா ஊரே சேந்து வடம் பிடிச்சு இழுத்தாலும் நகர மாட்டா. புருசன் போய்ச் சேந்துட்டான். வீட்டுல அவளும் அவ மாமியாக் கிழவியும்தான். ஒரே மக தெக்கிலா, அவளைப் பக்கத்து ஊர்ல கபிரியேலுன்னு ஒரு பையனுக்குத் தை மாசந்தான் கட்டிக் குடுத்திருந்தா. வியாகுலத்துக்குப் பொழப்பு பீடி சுத்துறது. மடியில சுளகை வச்சுக்கிட்டு இலைய வெட்டி, தூளை வச்சு, சுருட்டி, நூலைக் கட்டி, சர்ரு சர்ருன்னு சுத்திக்கிட்டே இருப்பா. அந்தக் கூலியில ரெண்டு வயிறு கழுவணும்.

அப்போ ஈஸ்டர் முடிஞ்ச கையோட, அந்த ஊர்ல பொறந்து வளந்த ஒரு கன்னியாஸ்திரி லீவுல வந்தாவ. சிஸ்டர் அமலோற்பவம். அவிய இருக்கிறது கடலுக்கு அந்தப் பக்கம், தூரத்து நாட்டுல. அங்க ஒரு சின்ன ஆஸ்பத்திரி வச்சு வைத்தியம் பாக்காவ. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பங்குச் சாமியாரு, "நீங்களே ரெண்டு வார்த்தை பேசுங்க சிஸ்டர்"ன்னு சொன்னாரு. அவிய பீடத்துக்குக் கீழ வந்து நின்னாவ. கண்ணாடியக் கழத்தித் தொடச்சாவ. அப்புறம் சொன்னாவ.

"எங்க ஆஸ்பத்திரிக்கு முன்னால ஒரு ஆறு ஓடுது. பெரிய ஆறு. முதலை கெடக்கிற ஆறு. அந்தக் கரையில பிரசவ வலி வந்த பொம்பளை ஒருத்தி வந்து நிப்பா. 'சிஸ்டர்... சிஸ்டர்...'ன்னு கூப்பிடுவா. அவ சத்தம் எனக்குக் கேக்கும். என் சத்தம் அவளுக்குக் கேக்கும். ஆனா எங்ககிட்ட படகு இல்ல. நான் இங்க நின்னு பேசுவேன், அவ அங்க நின்னு பேசுவா. அவ்வளவுதான் எங்களால முடியும்."

அவ்வளவுதான் சொன்னாவ. போய் உக்காந்துட்டாவ. கோயில்ல பச்சப்புள்ள கூட அழல.

ம்.

அப்போ சாமியாரு எந்திரிச்சு, "ஐப்பசியில வர்ற மிஷன் ஞாயிறு ஏலம் முழுக்க அந்தப் படகுக்குத்தான். ஆளாளுக்கு என்ன தருவீங்கன்னு இப்பவே சொல்லுங்க"ன்னாரு. மிஷன் ஞாயிறு ஏலம்னா என்னன்னு தெரியும்லா உனக்கு? வீட்டுல வெளஞ்சது, வளந்தது எல்லாத்தையும் கோயிலுக்குக் கொண்டாந்து வச்சு, ஊர்க்காரங்களே அதை ஏலம் எடுப்பாவ. அந்த ஊர்ல கையில காசு ஏது? நெல்லு, தேங்கா, கருப்பட்டின்னுதான் ஏலம் கேப்பாவ. கோயில்ல அதை வித்து, தூர தேசத்துல ஊழியம் பாக்கிறவியளுக்கு அனுப்புவாவ.

ஒருத்தரு எந்திரிச்சு "ஒரு பூசணிக்கா"ன்னாரு. ஒருத்தரு "ஒரு வாழக்குலை"ன்னாரு. சில பேரு இருக்காவ பாரு, தனக்குன்னா தலைச்சேவலு, கோயிலுக்குன்னா நொண்டிக் கோழி! அந்தக் கணக்குல ஒருத்தரு "எங்க வீட்டுல ஒரு கெழட்டு ஆடு நிக்கி"ன்னாரு. அப்புறம் வியாகுலத்தோட முறை வந்துட்டு.

"நீ என்னம்மா தருவ?"

"ஒரு சேவலு, சாமி."

கொல்லுன்னு சிரிச்சுட்டாவ எல்லாரும். ஏன் தெரியுமா? அவ வீட்டுல சேவலும் இல்ல, கோழியும் இல்ல. ஒரு கோழி றெக்கை கூடக் கெடையாது!

வியாகுலம் சிரிக்கல. நேரா பக்கத்து வீட்டுக்காரி ரெஜினாகிட்டப் போயி, அவளும் பீடி சுத்துறவதானே, அவ தட்டுக் கணக்குக்கு ரெண்டு கட்டு பீடி சுத்திக் குடுத்து, ஒரு முட்டைய வாங்கிட்டு வந்தா. கரியால அதுல ஒரு சிலுவை போட்டா. ரெஜினா வீட்டுல அடை கெடந்த கோழிக்கு அடியில பைய வச்சா.

ரெஜினா கேட்டா, "ஏய், பெட்டை பொறந்துட்டா என்ன செய்வ?"

"சேவலுன்னு சொல்லிட்டேன்லா, சேவலுதான் வரும்."

எப்படி இருக்கு பாரு! ஆனா வந்துட்டு. மத்த முட்டையில பாதி கூமுட்டையாப் போச்சு. இந்தச் சிலுவை போட்ட முட்டை டிக் டிக் டிக்குன்னு ஒடஞ்சு, உள்ள இருந்து ஒரு குஞ்சு எட்டிப் பாத்துச்சு. கீச்சு கீச்சு கீச்சு. கொஞ்ச நாள்ல தலையில செவப்பா கொண்டை மொளைச்சுட்டு. சேவலேதான்!

அன்னைக்கே வியாகுலம் அதைத் தூக்கிட்டுப் போயி, மாதா சிலை வச்ச கெபி முன்னால நின்னு, "இது என்னது இல்ல, அந்தப் படகோடது"ன்னு நேந்துவிட்டா. நேந்துவிட்டது நேந்துவிட்டதுதான். அப்புறம் அதை விக்கவும் கூடாது, அடிக்கவும் கூடாது.

ம்.

இப்ப மொதல் சோதனை வருது, கேளு.

ஒரு நாள் உச்சி வெயில்ல வியாகுலம் முத்தத்துல உக்காந்து பீடி சுத்துதா. குஞ்சு பக்கத்துல கிளறிக்கிட்டுத் திரியுது. மேல வானத்துல ஒரு பருந்து வட்டம் போடுது. வட்டம்... வட்டம்... அப்புறம் றெக்கைய மடக்கிச்சு பாரு, சொய்ய்ய்ங்குன்னு நேரா கீழ! குஞ்சு பயத்துல அப்படியே ஒறைஞ்சு போயி நிக்கி. வியாகுலம் சுளகைத் தூக்கி எறிஞ்சா. இலையும் தூளும் காத்துல பறக்குது. அவ அந்தக் குஞ்சு மேல அப்படியே குப்புற விழுந்துட்டா. பருந்து நகத்தால அவ முதுகுல சர்ருன்னு ஒரு கோடு. ரத்தம்! இவ எந்திரிக்கவே இல்லையே. "போ சவமே, இது உனக்கு இல்ல"ன்னு தரையில கெடந்தபடியே கத்துதா. பருந்து பாத்துச்சு. இவகிட்ட நமக்கு ஆவாதுன்னு போயிட்டு.

அன்னைக்குச் சிந்துன பீடித்தூளுக்குக் கூலியில பிடிச்சுட்டாவ. ராத்திரி கஞ்சியில தண்ணிதான் கூடுதலு. வியாகுலம் மடக்கு மடக்குன்னு குடிச்சிட்டுப் படுத்துட்டா. குஞ்சைத் தலைமாட்டுல பஞ்சாரத்தைப் போட்டு மூடி வச்சுக்கிட்டா. அன்னையில இருந்து அதுக்கு அங்கதான் படுக்கை.

ம்.

அப்புறம் குஞ்சு வளந்துச்சு. செவப்பு ஒடம்பு, பச்சை மினுங்குற வாலு, ராசா மாதிரி நடை. ஊர்ல அதுக்கு "மிஷன் சேவலு"ன்னு பேரு விழுந்துட்டு. நேந்துவிட்ட சேவலாச்சே, யாரு வெரட்டுவா? களத்துல காயுற நெல்லைத் தின்னும். "மிஷன் சேவலு, விடு"ம்பாவ. அடுப்பாங்கரையில நொழைஞ்சு சோத்துச் சட்டிய உருட்டும். "மிஷன் சேவலு, விடு"ம்பாவ. சாமியாரு பிரசங்கம் வச்சுக்கிட்டு இருக்கும்போது கோயில் வாசல்ல ஏறி நின்னு "கொக்கரக்கோஓஓ"ன்னு கத்தும். சாமியாரே, "சரி, முடிச்சுக்கிடுதேன்"ம்பாரு. ஊரு குடுத்த செல்லத்துல அதுக்குப் பயம்னா என்னன்னே தெரியாமப் போச்சு. இந்தச் செல்லம்தான் பின்னால வெனை வச்சது.

அதுக்கு முன்னால ரெண்டாவது சோதனை. ஆனி மாசம் மாமியாக் கிழவிக்குக் காய்ச்சல் கண்டுட்டு. காய்ச்சல் விட்டும் ஒடம்பு தேறல. கிழவி பாயோட பாயாக் கெடக்கா. வைத்தியரு நாடியப் பிடிச்சுப் பாத்துட்டு, "கோழிச்சாறு குடு, எந்திரிச்சு உக்காந்துருவா"ன்னுட்டுப் போயிட்டாரு. கிழவி கண்ணு பைய அப்படியே திரும்பிச்சு. எங்க? பஞ்சாரத்துக்கு. வாயத் தொறந்து கேக்கல. பாக்கத்தான் செஞ்சா. பெத்த அம்மா இல்லாதவளுக்கு அந்தக் கிழவிதான் அம்மா.

"அத்த, உங்களுக்குச் சாறு உண்டு. ஆனா இது இல்ல"ன்னா.

நேரா ரெஜினா வீட்டுக்குப் போனா. "ஒரு பெட்டைக் கோழி குடு. மாசம் முடியுற மட்டும் உன் தட்டையும் நான் சுத்தித் தாரேன்"ன்னா. ரெஜினா குடுத்துட்டா. அப்புறம் என்ன, இவ தட்டும் அவ தட்டும்! விடிய ஆரம்பிச்சா அடையுற வரைக்கும் சுத்திக்கிட்டே கெடப்பா. வெரல் நுனியெல்லாம் தேஞ்சு, சோறு பெசஞ்சா சுரீருங்கும். கிழவி சாறு குடிச்சு எந்திரிச்சு உக்காந்துட்டா. சேவலு கூரையில நின்னு "கொக்கரக்கோ"ன்னு கூவுச்சு. அதுக்கு என்ன தெரியும், பாவம்.

ம்.

தூங்கிராத. இனிமேதான் பெரிய சோதனை.

ஆடிக் காத்து அடிச்சுது. காத்தோட கோழிச் சீக்கும் வந்துட்டு. வெள்ளக் கழிச்சலு. இன்னைக்கு நல்லா மேஞ்ச கோழி நாளைக்குக் கழுத்தைத் திருகிக்கிட்டுக் கெடக்கு. ரெஜினா வீட்டுல எல்லாம் போச்சு. அடுத்த தெருவுல போச்சு. அக்கம் பக்கத்து ஊரெல்லாம் போச்சு. வியாகுலம் அந்த மாசம் முழுக்க சேவலை வெளிய விடவே இல்ல. வீட்டுக்குள்ளயே வச்சு, மஞ்சளும் வெங்காயமும் அரைச்சு ஊட்டி, தண்ணிய மாத்தி மாத்தி வச்சுக் காப்பாத்திட்டா. கடைசியில ஊருக்கே மிஞ்சுனது அந்த ஒத்தச் சேவலுதான்.

சீக்கு அடங்கி அதை வெளிய விட்ட கையோட ஒரு செவ்வாக்கெழமை, "கிணிங் கிணிங்"ன்னு வாசல்ல சைக்கிள் மணி. யாரு? மாப்பிள்ளை! கபிரியேலு புத்தம் புதுச் சைக்கிள்ல, பின்னால தெக்கிலாவ உக்கார வச்சுக்கிட்டு வந்து எறங்குதான். மறுவீட்டுக்கு அப்புறம் இப்பத்தான் மொதமொதல்ல மாமியா வீட்டுக்கு வாரான். வெள்ளை வேட்டி, மீசையில எண்ணெய், நெத்தியில வேர்வை. நல்ல பையன்தான். ஆனா புதுமாப்பிள்ளைங்கிற கொம்பு இன்னும் தலையில இருக்கு.

மாப்பிள்ளை வந்தா என்ன செய்யணும்? கோழி அடிக்கணும். அது ஊரு உலகத்துல உள்ளது. கோழி அடிக்கலைன்னா அவமானப்படுத்திட்டாவன்னு அர்த்தம். வியாகுலம் பின்வாசல் வழியா ஓடுதா. ரெஜினாகிட்ட கேட்டா, இல்ல. மேலத்தெருவுல கேட்டா, இல்ல. ஆட்டுக்கறி எடுக்கலாம்னா, ஞாயித்துக்கெழமைதான் வெட்டுவாவ. மீன்காரரும் அன்னைக்கு வரல. மூச்சு வாங்க வீட்டுக்குத் திரும்பி வந்தா, கருவாட்டுக் குழம்பு வச்சா. பருப்பு கடைஞ்சா. முருங்கைக்கீரை பெரட்டுனா. அப்பளம் பொரிச்சா.

கபிரியேலு எலைக்கு முன்னால உக்காந்தான். எலையப் பாத்தான். "கோழி இல்லையா அத்த?"

"சீக்குல எல்லாம் போயிட்டு மாப்ள. ஊருக்குள்ள ஒரு கோழி கெடையாது"ன்னா வியாகுலம்.

அவ சொல்லி வாய மூடல. டக்கு டக்கு டக்குன்னு வாசப்படி ஏறி வருது. யாரு? அவருதான், ராசா! செவப்புக் கொண்டைய ஆட்டிக்கிட்டு, நேரா மாப்பிள்ளை எலைக்கு வந்து, "டொக்"குன்னு அவன் சோத்துலயே ஒரு கொத்து!

கபிரியேலு மொகம் கறுத்துட்டு.

"இது என்ன அத்த?"

"இது... இது கோயில் சேவலு மாப்ள. மிஷனுக்கு நேந்துவிட்டது. நம்மளது இல்ல."

"உங்க வீட்டுல தூங்குது, உங்க வீட்டுல திங்குது, என் எலையிலயும் திங்குது. ஆனா உங்களது இல்ல? எங்கயோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவியளுக்குச் சேவலு, வீட்டு மாப்பிள்ளைக்குக் கருவாடு. அப்படித்தானே?"

வியாகுலம் சேவலைப் பிடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டா. "கோவிக்காதீய மாப்ள. அடுத்த தடவை..."ன்னா.

"அடுத்த தடவை கெடையாது"ன்னு எச்சிக் கையோட எந்திரிச்சுட்டான். சோத்துல ஒரு வாய் வைக்கல. தெக்கிலா அழுதுக்கிட்டே சைக்கிள்ல ஏறுனா. "இனி இந்த வாசப்படிய நானும் மிதிக்க மாட்டேன், இவளையும் மிதிக்க விட மாட்டேன்"ன்னு சொல்லிட்டு, பெடலை ஒரு மிதி மிதிச்சான். போயே போயிட்டான்.

ம்...

என்ன, அழுகை வருதா? வியாகுலத்துக்கும் வந்துச்சு. அந்த எலைக்கு முன்னால உக்காந்து அழுதா பாரு! ஒத்த மக. இனி அவளைக் கண்ணால பாக்க முடியுமோ முடியாதோ. பத்து வீடு தள்ளிக் கேக்கும் அந்த அழுகை.

ஊரே வந்து புத்தி சொல்லுது. "கிறுக்கி! ஒரு சேவலுக்காக மகள எழப்பியா? அடிச்சுக் குழம்பு வச்சு, சட்டியோட மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டு போ"ன்னு ரெஜினா சொல்லுதா. மாமியாக் கிழவியும் சொல்லுதா. கடைசியில சாமியாரே வீட்டுக்கு வந்துட்டாரு. நல்ல மனுசன். "வியாகுலம், நான் சொல்லுறேன், ஆண்டவரு கோவிச்சுக்க மாட்டாரு. சேவலை அடி. அதுக்குப் பதிலா ஒரு தேங்காயக் குடு, போதும்"ன்னாரு.

வியாகுலம் மூக்கைச் சீந்திட்டு நிமுந்து பாத்தா.

"ஆண்டவரு கோவிக்க மாட்டாருன்னு எனக்கும் தெரியும் சாமி. நான் அவருகிட்ட சொல்லியிருந்தா அவரு காலைப் பிடிச்சு மாத்திக்கிடுவேன். நான் சொன்னது அந்தக் கரையில நிக்காளே, அவகிட்ட. அவ வலியோட நிக்கா. இந்தப் பக்கம் நான் சேவலை அடிச்சுத் தின்னுட்டேன்னு அவகிட்ட யாரு போயிச் சொல்லுவா? நீங்க போவீயளா?"

சாமியாரு எந்திரிச்சுப் போயிட்டாரு.

ம்.

அப்புறம் வந்துட்டு மிஷன் ஞாயிறு. கோயில் முத்தத்துல கொடிமரத்துக்குக் கீழ பூசணிக்கா, வாழக்குலை, இளநி, முருங்கைக்கா, அந்தக் கெழட்டு ஆடு, எல்லாம் வந்து சேந்துட்டு. சாமியாருக்கு ஒத்தாசையா இருக்கிற உபதேசியாருதான் ஏலம் விடுவாரு. தொண்டை அவருக்கு அப்படி, ஒலிபெருக்கியே வேண்டாம்! "ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!" டாங்குன்னு ஒரு மணி. ஒவ்வொண்ணாப் போச்சு. கடைசியில வியாகுலம் சேவலைக் கக்கத்துல வச்சுக்கிட்டு வந்து நின்னா. கூட்டமே ஓன்னு சத்தம் போட்டுச்சு.

வாழக்கா மண்டி வச்சிருந்த பாக்கியநாதரு மொதல்ல கேட்டாரு. அவருக்கு அது வேணும். வெளியூருல இருந்து புதுசாப் பெட்டைக் கோழிய வாங்கி விட்டிருக்காரு, சேவலு இல்ல.

"ஒரு மூட்டை நெல்லு!"

"ரெண்டு மூட்டை!"ன்னு பின்னால இருந்து ஒரு சத்தம். எல்லாத் தலையும் திரும்பிச்சு. யாரு? கபிரியேலு! சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். பக்கத்துல தெக்கிலா, எளைச்சுப் போயி நிக்கா. வியாகுலம் மகளைப் பாக்கவா, மாப்பிள்ளையப் பாக்கவா?

பாக்கியநாதரு விடல. "மூணு மூட்டை!"

"நாலு!"

"நாலும் ஒரு ஆட்டுக்குட்டியும்!"

"அஞ்சும் ஒரு ஆட்டுக்குட்டியும்!" தெக்கிலா அவன் சட்டையப் பிடிச்சு இழுக்கா. அவன் தட்டி விடுதான்.

"அஞ்சு மூட்டை, ரெண்டு ஆட்டுக்குட்டி!"ன்னாரு பாக்கியநாதரு. அவ்வளவு நெல்லு அந்தக் காலத்துல ஒரு வீட்டுக்கு வருசச் சோறு.

"ஒரு தரம்..." உபதேசியாரு சொல்லுதாரு. "ரெண்டு தரம்..."

கிணிங் கிணிங்! கபிரியேலு சைக்கிளைத் தள்ளிக்கிட்டுக் கூட்டத்துக்குள்ள வாரான். கொடிமரத்துக்குக் கீழ கொண்டு வந்து, ஸ்டாண்டை டக்குன்னு போட்டான். "அஞ்சு மூட்டை, ரெண்டு ஆட்டுக்குட்டி, அதுக்கு மேல இந்தச் சைக்கிளு."

பாக்கியநாதரு துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு. "மாமியாளுக்கும் மருமவனுக்கும் நடுவுல நான் எதுக்குய்யா? எடுத்துக்கோ"ன்னாரு.

"மூணு தரம்!" டாங்!

ம்.

கபிரியேலு சேவலை வாங்குனான். வியாகுலத்துக்கு நேரா வந்து நின்னான். ஊரே பாத்துக்கிட்டு நிக்கி.

"அத்த, இப்ப இது யாரு சேவலு?"

"உங்க சேவலு மாப்ள."

"அப்போ இதை அடிச்சு எனக்குக் குழம்பு வைக்கணும். இன்னைக்கே. உங்க கையால."

அவன் மனசுல என்ன நெனச்சான் தெரியுமா? அத்தை அழுவா, "வேண்டாம் மாப்ள"ன்னு கெஞ்சுவா. ஊருக்கு முன்னால ஒரு தடவை கெஞ்சிட்டாப் போதும், மீசைய முறுக்கிட்டுப் போயிரலாம். அதுக்குத்தான் சைக்கிளையே எழந்தான், கிறுக்கன்!

வியாகுலம் கெஞ்சல. "அதுக்கென்ன, வீட்டுக்கு வாங்க"ன்னு சேவலை வாங்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டு விறுவிறுன்னு நடந்தா. பின்னால மாப்பிள்ளை, அவனுக்குப் பின்னால தெக்கிலா.

வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டுனா. தண்ணி தளதளன்னு கொதிக்கி. அரிவாளை எடுத்துத் தீட்டுனா. சரக்கு சரக்குன்னு சத்தம். அப்புறம் சேவலை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தா. அதுக்குத்தான் பயம் கெடையாதே! தூங்கப் போற நேரம்னு நெனச்சு, தலைய அவ கையிடுக்குல சொருகிக்கிட்டுக் கண்ணை மூடிட்டு. வியாகுலத்துக்குக் கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுது. ஆனாலும் அரிவாளை எடுத்துட்டா.

"அத்த!" கபிரியேலு அவ கையப் பிடிச்சுட்டான். "இவ்வளவு அழுவுதீயளே, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்லுவேன் மாப்ள? அன்னைக்கு இது படகோட சேவலு, அதனால அடிக்கல. இன்னைக்கு இது உங்க சேவலு, நீங்க அடிக்கச் சொல்லுதீய. ரெண்டு நாளும் இது என் சேவலு இல்ல. என் ஆசைய யாரு கேட்டா? கைய விடுங்க, தண்ணி ஆறிப்போவும்."

கபிரியேலு கைய விடல. பைய அரிவாளைப் பிடுங்கி அந்தப் பக்கம் வச்சான். அப்படியே தரையில உக்காந்துட்டான். அவன் காது வரைக்கும் செவந்து போச்சு. வெக்கம்!

அப்புறம் கேட்டான், "தெக்கிலா சொன்னாளே, அந்தக் கரையில ஒருத்தி நிக்கான்னு, அவளுக்கு இப்பப் படகு வந்துருமா?"

"வந்துரும். உங்க சைக்கிளும் அதுல சேந்துருக்கே."

"அப்புறம் அங்க ஒண்ணும் வேண்டாமா?"

"ஏன் வேண்டாம்? கரை ஏறி வந்தவளுக்கு மருந்து வேணும், துணி வேணும், புள்ளைக்குப் பாலு வேணும். படகு மட்டும் இருந்தாப் போதுமா?"

கபிரியேலு சேவலைத் தூக்கித் தன் மடியில வச்சுக்கிட்டான். "அப்போ நான் சொல்லுததைக் கேளுங்க. இது என் சேவலு. நானும் இதை நேந்துவிடுதேன், அடுத்த வருசத்து மிஷன் ஞாயிறுக்கு. ஆனா எங்க வீட்டுலதான் வளரும். இங்க விட்டா எனக்கு எந்தக் காலத்துலயும் கருவாடுதான்"ன்னான்.

மாமியாக் கிழவி பொக்கை வாயத் தொறந்து சிரிச்சா பாரு, சிரிப்பு அடங்கவே இல்ல. தெக்கிலாவும் சிரிச்சா. வியாகுலத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணாச் சேந்து வந்துட்டு.

"பசிக்கி அத்த. என்ன இருக்கு?"ன்னான்.

பழையதுதான் இருந்துச்சு. ரெண்டு வெங்காயத்தை உரிச்சு வச்சா. சட்டிய வழிச்சு வழிச்சுத் தின்னான் அந்த மாப்பிள்ளை!

ம்.

அப்புறம் சாயங்காலம் அவன் கெளம்பும்போது வியாகுலம் சேவலை ஒரு தடவை தடவிக் குடுத்தா. அதுக்கு மேல தடவல, விட மனசு வராதுல்லா. கபிரியேலு தெக்கிலாவப் பாத்து, "நீ பத்து நாளு அம்மாகூட இருந்துட்டு வா. நான் நடந்துதான் போணும், நீ எதுக்குக் கால் நோவ?"ன்னான். சைக்கிளு இல்லாம, சேவலைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, அந்த வரப்பு வழியே நடந்து போறான். வழியில உள்ளவிய எல்லாம் கேலி பேசுதாவ. "எலே கபிரியேலு, அஞ்சு மூட்டைச் சேவலு எப்படிக் கூவும்?"ன்னு கேக்காவ. அது அவன் கக்கத்துல இருந்தே "கொக்கரக்கோஓஓ"ன்னு கூவிக் காமிச்சுது.

படகா? படகு ஆயிட்டு. அங்க உள்ள தச்சரு, அங்க உள்ள மரத்துல செஞ்சாரு. அந்த ஊர்க்காரங்க ஒருத்தரும் அந்தப் படகைக் கண்ணால பாத்ததே இல்ல. எந்த நெறம், எம்புட்டு நீளம், ஒண்ணும் தெரியாது. ஆனா எவளோ ஒருத்தி அதுல ஏறி உக்காந்து ஆத்தைத் தாண்டுனா. அது போதாதா?

இங்க மறுநாள் காலையில வியாகுலம் வீட்டுல கூவி எழுப்ப ஆளு இல்ல. நல்லா வெளுத்து, வெயிலு ஓட்டுச் சந்து வழியா உள்ள வந்தப்புறந்தான் முழிச்சா. பஞ்சாரம் காலியா இருந்துச்சு. அதைப் பாத்ததும் நெஞ்சு ஒரு மாதிரி ஆயிட்டு. அப்புறம் இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தா, அவ பாயில அவ மக தெக்கிலா வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்குதா. வியாகுலம் எந்திரிக்கல. பீடித்தட்டு இன்னைக்கு ஒரு நாளு கெடந்துட்டுப் போட்டும்னு, மக மேல கையப் போட்டுக்கிட்டுத் திரும்பவும் கண்ணை மூடிட்டா.

கதை அக்கரை சேந்துட்டு. நீயும் கண்ணை மூடு, தூங்கு.